"வேறு பள்ளி பாருங்கள்" என்கிறார்கள். நாங்கள் என்ன முடிவெடுப்பது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது, மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். 4 வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுவான். புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிப்பான். கணக்கில் ஆர்வம் உண்டு. ஆனால் வகுப்பில் இரைச்சல் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறான். சென்ற மாதம் பக்கத்தில் இருந்த பையனைத் தள்ளிவிட்டான். அதன் பிறகு பள்ளியில் எங்களை அழைத்து, "இவனுக்கு ஏற்ற இடம் இது இல்லை, சிறப்புப் பள்ளி பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சரை (வகுப்பில் அவன் கூடவே இருந்து உதவும் ஆளை) அனுப்புங்கள்" என்று கூறிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் இருக்கட்டும் என்ற யோசனையும் சொல்லப்பட்டது. வீட்டில் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டுப் பள்ளியின் மொழியிலேயே பேசச் சொல்கிறார் வகுப்பாசிரியை. பேச்சுப் பயிற்சியாளரோ, வழக்கமான பள்ளியிலிருந்து எடுக்கவே கூடாது என்கிறார். இம்மாத இறுதிக்குள் பதில் கேட்கிறார்கள். எந்தப் பள்ளி சரியானது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இம்மாத இறுதி என்ற கெடு, பெரும்பாலும் அடுத்த கல்வியாண்டின் சேர்க்கையைக் கருதி வைக்கப்பட்டதாக இருக்கும். உங்கள் மகனின் தேவையைக் கருதி வைக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அந்தத் தேதிக்குள் முடிவைச் சொல்லாதீர்கள். அதற்கு முன்பாகவே, அவனுடைய ஆதரவுத் திட்டத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு எந்தத் தயாரிப்போடு போக வேண்டும் என்பதையே இந்தப் பதிலின் பெரும்பகுதியில் எழுதுகிறேன்.

பள்ளியும் பேச்சுப் பயிற்சியாளரும் உங்களிடம் இடத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் வேறு இடம் என்கிறார், மற்றவர் இதே இடம் என்கிறார். அந்த இடத்தில் காலை மணி அடித்தது முதல் மாலை வரை உங்கள் மகனுக்கு யார், எதை, எந்த முறையில் கற்பிக்கப்போகிறார்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை. சிறப்புக் கல்வியில் நெடுங்காலமாகப் பணிபுரிந்து வரும் நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஒரு நாளில் என்னென்ன தேவை என்பதை முதலில் எழுதி முடியுங்கள், பள்ளியின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். இந்த வரிசை மாறிவிட்டால், ஒரு பள்ளியில் கிடைக்காததைத் தேடி இன்னொரு பள்ளிக்குப் போவதும், அங்கும் அதே கூட்டம் அதே வாசகத்தோடு நடப்பதுமாகப் பிள்ளையின் வருடங்கள் கழிந்துவிடுகின்றன.

தேவைகளை எழுத ஒரு புதிய மதிப்பீடு வேண்டும். 4 வயதில் எழுதப்பட்ட அறிக்கை 9 வயதுப் பிள்ளையைப் பற்றி இன்று அதிகம் சொல்லாது. அறிவுத்திறன் சோதனையில் வரும் ஒற்றை எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பேச்சைச் சார்ந்த கேள்விகளில் பேச்சு தாமதப்பட்ட பிள்ளை குறைந்த மதிப்பெண் பெறுவது எதிர்பார்க்கக்கூடியது; சொற்களைச் சாராத பகுதியில் அதே பிள்ளையின் நிலை வெகுவாக மாறுபடலாம். இரண்டு பகுதிகளின் முடிவையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு நேரம் ஒரு வேலையில் நிலைக்கிறான், எத்தனை படிகள் கொண்ட கட்டளையைப் பின்பற்றுகிறான், புரியாதபோது உதவி கேட்கத் தெரிகிறதா, கழிப்பறைக்குத் தானாகப் போய்வருகிறானா, எழுதும்போது கை வலிக்கிறதா என்பன போன்றவை அறிக்கையில் இருந்தால்தான் அது பள்ளிக்குப் பயன்படும்.

தடையில்லாமல் வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததன் பொருள் அவனுக்கு எந்த அளவுக்குப் புரிகிறது என்பதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு சாரார் வயதுக்கு மீறிய வேகத்தில் வாசிப்பார்கள். ஆனால் கதையில் வரும் சிறுமி ஏன் அழுதாள் என்று கேட்டால் அவர்களிடமிருந்து விடை வராது. சரளமான வாசிப்பைக் கேட்கும் ஆசிரியர், எல்லாம் புரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். பிறகு பிள்ளை விடை எழுதாமல் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார். கணக்கிலும் இதே நிலைதான்; எண்களை மட்டும் கொடுத்தால் சட்டென்று போடுபவன், அதே கணக்கு வாக்கியமாக வரும்போது திகைத்து நின்றுவிடுவான். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு எல்லாப் பாடங்களும் வாசித்துப் புரிந்துகொள்வதை நம்பியே நகர்வதால், இப்போது கவனிக்காவிட்டால் இந்த இடைவெளி ஒவ்வொரு வருடமும் அகலமாகும்.

இனி, ஓடுவதும் தள்ளியதும். பள்ளியின் பேச்சு முழுவதும் இவற்றைச் சுற்றியே இருப்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலான பள்ளிகளின் பதிவேட்டில் நடந்த செயல் மட்டுமே இருக்கும். எந்தப் பாடவேளையில் நடந்தது, அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, ஓடிய பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பவை இருக்காது. இந்த விவரங்களை இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரியாகக் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், அதனால் பிள்ளைக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது என்று பொருள். தாங்க முடியாத ஒன்றிலிருந்து விலகுவதாக இருக்கலாம். ஒருவருடைய கவனமாக இருக்கலாம். விரும்பிய பொருளாகவோ உடலுக்கு ஓர் ஆறுதலாகவோ இருக்கலாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் காரணம் என்று தோன்றுகிறது, ஆனால் பதிவேட்டைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்லக் கூடாது. அவன் தள்ளிய நிகழ்வையும் இதே முறையில் ஆராய வேண்டும். வழியில் நின்ற பையனை ஓடும் வேகத்தில் தள்ளியதற்கும், கேலி செய்த பையனைத் தள்ளியதற்கும் செய்ய வேண்டிய பரிகாரங்கள் முற்றிலும் வேறானவை.

காரணம் இரைச்சல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஓடியவனைத் தேடிப் பிடித்து அலுவலக அறையில் அமைதியாக உட்கார வைக்கிறார்கள் என்றால், ஓடினால் அமைதி கிடைக்கும் என்பதை அவன் ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறான். இதை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரைச்சலை உடல் வலியாகவே உணரும் ஒரு பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதிலிருந்து தப்பிக்கிறான். வேறொரு வழியை நாம்தான் கற்றுத்தர வேண்டும். மேசையில் ஓர் அட்டை இருக்கட்டும்; அதை எடுத்துக் காட்டினால், வகுப்பறையின் ஒதுக்கமான மூலையிலோ நூலகத்திலோ ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம் என்ற ஏற்பாடு இருக்கட்டும். தொடக்கத்தில், அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் தாமதமின்றி அனுமதிக்க வேண்டும். ஆசிரியர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். நாள் முழுவதும் காட்டிக்கொண்டே இருப்பானே என்பார்கள். முதல் சில நாட்களில் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் ஓடுவதைவிட அட்டை விரைவாகப் பலன் தருகிறது என்பது அவன் மனத்தில் பதிந்த பிறகு, "இந்த இரண்டு கணக்கை முடித்துவிட்டுப் போகலாம்" என்று காத்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்ட முடியும். பதியாமலே நீட்டினால் பழைய ஓட்டம் திரும்பிவிடும்.

இதனுடன் அன்றாட ஏற்பாடுகள் சில சேர வேண்டும். அன்றைய நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டும் படஅட்டவணை, ஒரு பாடம் முடிவதற்கு முன்பே முன்னறிவிப்பு, கதவுக்கும் மின்விசிறிக்கும் தள்ளிய இருக்கை, இரைச்சலைக் குறைக்கும் காதுமூடி ஆகியவை இருந்தாலே பல வகுப்புகளில் நிலைமை மாறுகிறது. கட்டளையைச் சொன்ன பிறகு சில விநாடிகள் பேசாமல் காத்திருப்பதும் அவ்வாறே. பதில் வரவில்லையே என்று அதே கட்டளையை வேறு சொற்களில் மறுபடி சொல்லும்போது, முதலில் கேட்டதைப் புரிந்துகொண்டிருந்த பிள்ளை மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடுகிறான். பாடவேளைகளைவிட இடைவேளைதான் இத்தகைய பிள்ளைகளுக்குக் கடினமானது என்பதையும் மறந்துவிடாதீர்கள். விதிகள் இல்லாத, இரைச்சல் மிகுந்த, பெரியவர்களின் பார்வை குறைந்த நேரம் அது. கேலியும் சீண்டலும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கின்றன. ஓட்டங்கள் இடைவேளை முடிந்த அடுத்த பாடவேளையில் அதிகமாக இருக்கின்றனவா என்று பதிவேட்டில் பாருங்கள்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிப்பதன்று. இவற்றை முயன்று பார்த்துப் பலனில்லை என்று பள்ளி பதிவுகளோடு சொன்னால் அதை நான் மதிப்பேன். முயலாமலேயே வேறு இடம் பார்க்கச் சொன்னால் அதை ஒரு கல்விசார் முடிவாக ஏற்க மாட்டேன்.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய ஆவணத்தின் பெயர் தனிநபர் கல்வித் திட்டம், சிறப்பாசிரியர்கள் ஐ.இ.பி. என்று குறிப்பிடுவார்கள். இந்தப் பெயரில் வரும் தாள்களில் பல, கையெழுத்து வாங்குவதற்காகவே தயாரிக்கப்படுகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. "தகவல்தொடர்புத் திறனை மேம்படுத்துதல்" என்று ஒரு வரி இருக்கும். வருட இறுதியில் அது மேம்பட்டதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, "பாடம் புரியாதபோது, ஒருவரும் தூண்டாமல், ஐந்து சந்தர்ப்பங்களில் நான்கிலாவது உதவி அட்டையைக் காட்டுவான், இந்தப் பருவத்தின் முடிவுக்குள்" என்று இருக்கட்டும். இப்போது ஐந்தில் எத்தனை முறை காட்டுகிறான், யார் கற்பிப்பார், வாரத்தில் எத்தனை முறை, வகுப்பறையிலா தனியறையிலா, யார் கணக்கு வைப்பார் என்பவை அதன் கீழே வர வேண்டும். ஒரு பருவத்துக்கு இத்தகைய இலக்குகள் மூன்று நான்கு போதும். இருபது இலக்குகள் கொண்ட திட்டத்தை வகுப்பாசிரியர் மறுமுறை திறந்து பார்ப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஷேடோ டீச்சர் குறித்துப் பள்ளி வைத்த நிபந்தனையை நான் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2009 வரை, வகுப்பறை உதவியாளர்களின் பணியைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உதவியாளரின் துணை அதிகமாகக் கிடைத்த மாணவர்கள், அதே தொடக்க நிலையில் இருந்து குறைவான துணை பெற்ற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் அக்கறையற்றவர்கள் என்பதால் அப்படி நிகழவில்லை. உதவியாளர் அருகில் இருப்பதால் ஆசிரியர் அந்த மாணவரிடம் பேசுவது குறைந்தது. பாடத்தை முன்கூட்டித் தெரிந்துகொள்ள உதவியாளருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. மாணவர் கற்றுக்கொள்வதைக் காட்டிலும் அன்றைய வேலையை முடித்துக் காட்டுவதிலேயே கவனம் போனது. ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்பிக்க முறையான பயிற்சி பெற்ற உதவியாளர்களால் நல்ல பலன் கிடைக்கிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தாலியில் 1977-இல் வந்த சட்டம் சிறப்பு வகுப்புகளை ஒழித்தபோது நியமிக்கப்பட்ட துணையாசிரியர், ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியவராகக் கருதப்படாமல் முழு வகுப்புக்கும் ஆசிரியராகவே கருதப்படுகிறார். எனக்கு மிகவும் உடன்பாடான ஏற்பாடு அது.

பெற்றோர் பணம் கொடுத்து அனுப்பும் ஆளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் பள்ளியின் பணியாளர் அல்லர். ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கு இடமிருக்காது. அவர் வராத நாளில் உங்கள் மகனையும் வர வேண்டாம் என்பார்கள். அவன் பக்கத்திலேயே ஒரு பெரியவர் எப்போதும் உட்கார்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் அவனோடு பேசுவதற்குத் தயங்குவார்கள். பாதுகாப்புக் கருதி இப்போது ஒருவர் தேவைதான் என்று கூட்டத்தில் முடிவானால், சில வரையறைகளை எழுத்தில் கேளுங்கள். அவரை வழிநடத்தும் பொறுப்பு வகுப்பாசிரியருடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் ஆசிரியரே நேரடியாக உங்கள் மகனுக்குச் சிறிது நேரமாவது கற்பிக்க வேண்டும்; அந்த நேரத்தில் உதவியாளர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். எந்தெந்த வேளைகளில் அவர் முதலில் விலகுவார், எப்போது விலகுவார் என்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அவன் விரும்பும் கணக்குப் பாடம் அதற்குப் பொருத்தமான தொடக்கம். விலகும் தேதி எழுதப்படாத துணை, பல பிள்ளைகளோடு உயர்நிலை வகுப்பு வரை ஒட்டிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன்.

சிறப்புப் பள்ளி என்றதும் உங்களுக்கு ஏற்பட்ட கலக்கம் கடிதத்தில் தெரிகிறது. அதைத் தண்டனையாக எண்ண வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர் சொல்வதுபோல் "எடுக்கவே கூடாது" என்றும் நான் சொல்ல மாட்டேன். பேச்சுக்கு மாற்றான தகவல்தொடர்பு முறையை நாள் முழுவதும் பயன்படுத்தும் சூழல் தேவைப்படும் பிள்ளைக்கும், தன் உடல் தேவைகளைக் கவனித்துக்கொள்வதையே முதன்மைப் பாடமாகக் கற்க வேண்டிய பிள்ளைக்கும், சிறு குழுவும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கொண்ட சிறப்புப் பள்ளி இன்றைய நிலையில் பெரிய துணையாக இருக்கிறது. காதுகேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி பேசும் சக மாணவர்கள் வேண்டும் என்பது இதைவிடவும் வலுவான காரணம். உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியுள்ளவற்றில் இத்தகைய காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. வாசிப்பும் கணக்கும் வகுப்பை ஒட்டியே இருக்கும் பிள்ளையைப் பாடத்திட்டமே குறைக்கப்பட்ட இடத்துக்கு அனுப்பினால், இரைச்சல் பிரச்சினை தீரலாம். கல்வி அங்கேயே நின்றுவிடும் அபாயமும் இருக்கிறது.

ஆயினும் ஒன்றிரண்டு சிறப்புப் பள்ளிகளையும் வேறு வழக்கமான பள்ளிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஒப்பிட ஏதாவது இருந்தால் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு உறுதி வரும். சிறப்புப் பள்ளியில், அவன் வயதையும் திறனையும் ஒத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்றும், எந்த வகுப்பு வரை எந்தப் பாடங்கள் என்றும், அங்கிருந்து வழக்கமான பள்ளிக்குத் திரும்பிய மாணவர்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பயண நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்; தினமும் நெடுநேரம் வேனில் அலைக்கழிந்து சேரும் பிள்ளைக்கு, எவ்வளவு நல்ல பயிற்சியும் பாதிதான் சேரும். வழக்கமான பள்ளியில் தலைமையாசிரியரின் உரையைவிட வகுப்பறையைக் கவனியுங்கள். ஏற்கெனவே அங்கு படிக்கும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதனோடு பேசுவது ஆசிரியரா உதவியாளர் மட்டுமா, இடைவேளையில் யாருடன் இருக்கிறது என்று பாருங்கள். வகுப்பாசிரியரிடம், "என் மகன் வெளியே ஓடிவிட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "இங்கே அப்படி நடக்காது" என்று விடை சொல்பவரைவிட, சற்று யோசித்துவிட்டு, "முதலில் வெளிவாசலில் யார் இருக்கிறார்கள் என்று உறுதிசெய்வேன்" என்று தொடங்குபவரை நான் நம்புவேன்.

உங்கள் மகனிடம் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. பேச்சு குறைவாக இருப்பதால் அவனுக்குக் கருத்து இல்லை என்று ஆகிவிடாது. பள்ளியின் ஒவ்வொரு இடத்தையும், ஒவ்வொரு பாடவேளையையும், சில பிள்ளைகளையும் படமெடுத்து, பிடிக்கும், பிடிக்காது, தெரியவில்லை என்ற மூன்று பெட்டிகளில் போடச் சொல்லுங்கள். அவன் எந்தப் படத்தை எங்கே போடுகிறான் என்பது, பெரியவர்கள் எழுதிய அறிக்கைகளில் இல்லாத ஒன்றைக் காட்டிக்கொடுப்பது வழக்கம். பள்ளி மாறுவதென்று பின்னால் முடிவானாலும், இதே படங்கள் புதிய இடத்தை அறிமுகப்படுத்தவும் உதவும்.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்துவது எனக்கு உடன்பாடில்லை. சென்ற வருடம் பலனளிக்காத அதே கற்பிப்பை மறுபடி ஒரு வருடம் கொடுப்பதால் என்ன மாறும்? பழகிய முகங்களை இழப்பான். மாற்றத்தைத் தாங்குவதே கடினமாக இருக்கும் பிள்ளைக்கு அது சிறிய இழப்பன்று.

தமிழை நிறுத்தச் சொன்ன ஆலோசனையையும் ஏற்காதீர்கள். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றே இதுவரை வந்துள்ள ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்கள் இயல்பாகப் பேசும் மொழியில்தான் கொஞ்சவும் கதை சொல்லவும் அவன் சொன்னதை நீட்டி வளர்க்கவும் உங்களால் முடியும். அந்த மொழியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் எஞ்சுவது கட்டளைகள் மட்டுமே. பள்ளியில் பயன்படும் முக்கியமான சில சொற்களை, குறிப்பாக உதவி கேட்கும் சொற்களை, இரண்டு மொழிகளிலும் கற்றுத்தந்தால் போதும்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பது நீங்கள் வசிக்கும் நாட்டைப் பொறுத்தது. ஆனால் பள்ளி உங்களிடம் பேசிய தொனியைச் சட்டங்கள் பொதுவாக ஆதரிப்பதில்லை. 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் கூடி, எல்லாக் குழந்தைகளையும் வழக்கமான பள்ளிகள் ஏற்க வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உள்ளடக்கிய கல்வியை உரிமையாகவே வைத்தது. அந்தப் பிரிவை விளக்கி 2016-இல் ஐ.நா. குழு வெளியிட்ட கருத்துரை, பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு எதையும் மாற்றாமல் இருப்பது உள்ளடக்கிய கல்வி ஆகாது என்று தெளிவாக்கியது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. தேர்வு செய்வது பள்ளியின் உரிமையாக அங்கே எழுதப்படவில்லை. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பெற்றோரே உள்ளாட்சி அமைப்பிடம் மதிப்பீடு கோரலாம். பிள்ளைக்கான ஆதரவுத் திட்டம் வழங்கப்படுவதாக இருந்தால் கோரிக்கை வந்ததிலிருந்து 20 வாரங்களுக்குள் அது கையில் வர வேண்டும். அமெரிக்காவில் 1975-இல் நிறைவேறிய சட்டத்தின் வழியே தனிநபர் கல்வித் திட்டம் கட்டாயமானது. பெயரளவு முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்குத் தகுந்த முன்னேற்றத்தைத் தரும் வகையில் திட்டம் அமைய வேண்டும் என்று 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டத்தில் சட்டப்பிரிவுகளை அடுக்கி வாதாட வேண்டியதில்லை. "இந்த முடிவுக்கான காரணங்களையும் இதுவரை முயன்று பார்த்தவற்றையும் எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டாலே பல பள்ளிகளின் பேச்சு மாறிவிடும்.

இவ்வளவையும் வைத்து என் கருத்து இது. இப்போதைய பள்ளியிலேயே, அவனுடைய வகுப்பு நண்பர்களோடு அடுத்த வகுப்புக்குப் போகட்டும். ஒரு முழுப் பருவத்துக்கு எழுத்துத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கட்டும். பருவத்தின் நடுவிலும் முடிவிலும் பதிவேட்டை வைத்துக் கூடிப் பேசுங்கள். ஓட்டங்கள் குறைந்து, பாடத்தில் சிறிதேனும் நகர்ந்திருந்தால் தொடருங்கள். பள்ளி உண்மையாகவே முயன்றும் நகரவில்லை என்றால், அப்போது இடத்தை மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். கையில் ஒரு பருவத்தின் பதிவுகள் இருப்பதால் அடுத்த பள்ளியில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது. திட்டம் எழுதவே பள்ளி மறுத்தால் கதை வேறு. அந்த நிலையில் உரிமைக்காக முறையிடுவதும் வேறு பள்ளி தேடுவதும் ஒருசேர நடக்க வேண்டும். விரும்பாத ஆசிரியரிடம் தினமும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும்படி நான் எந்தப் பெற்றோரிடமும் சொல்ல மாட்டேன்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் கணவரோ, பேச்சுப் பயிற்சியாளரோ, குறிப்பெடுக்கத் தெரிந்த வேறொருவரோ உடன் வரட்டும். அன்றே கையெழுத்துக் கேட்டால், வீட்டில் வாசித்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கி வந்துவிடுங்கள். பேசி முடிவானவற்றை அன்று மாலையே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று கேட்டு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். திட்டத்தில் பாடத்தை மாற்றும் முறை இருவகையாக வரும். கூடுதல் நேரம், தனியறை, பெரிய எழுத்து, வாய்மொழியாக விடை சொல்ல அனுமதி போன்றவை கற்கும் வழியை மாற்றுகின்றன. கற்க வேண்டியது அப்படியே இருக்கிறது. பாடப்பகுதியையே குறைப்பதும் எளிய வினாத்தாள் கொடுப்பதும் கற்க வேண்டியதையே மாற்றிவிடுகின்றன. சிறிய வகுப்பில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பொதுத் தேர்வு நெருங்கும்போதுதான் இரண்டாவது வகையில் வந்த பிள்ளைக்குச் சான்றிதழ்ப் பாதை குறுகிவிட்டது என்பது தெரியவரும். எந்தப் பாடத்தில் எந்த வகை என்பதை ஒவ்வொரு பருவத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகைச் சலுகைகளைப் பொதுத் தேர்வில் கோரும்போது, அவை சில வருடங்களாகவே வகுப்பில் பயன்பட்டு வந்ததற்கான ஆதாரத்தைத் தேர்வு வாரியங்கள் பலவும் எதிர்பார்க்கும். ஆகவே மதிப்பீட்டு அறிக்கை, திட்டத்தின் ஒவ்வொரு பிரதி, மின்னஞ்சல்கள், அவன் எழுதிய விடைத்தாள்கள் சில ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்துவாருங்கள். இரண்டு வாரப் பதிவேடு கைக்கு வந்ததும், பெயர்களை மறைத்துவிட்டு அதன் பிரதியை எனக்கு அனுப்பினால், இலக்குகளை எப்படி எழுதலாம் என்று அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.